நிமிர்ந்து உட்கார் என்பதா கல்வி?

சென்ற ஆண்டின் இறுதி விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். தலைநகரில் ஓர் அலுவலகத்தில் கணக்கராகப் பணிபுரிபவர். வயது முப்பத்து நான்கு. வாசலில் வரவேற்று, அமரச் சொன்னேன். "நின்றுகொள்கிறேன் ஐயா, உட்கார்ந்தால் எழுந்திருப்பதுதான் துன்பம்" என்றார். அப்பொழுதுதான் அவர் இடுப்பைச் சுற்றியிருந்த அகன்ற பட்டையைக் கவனித்தேன்.

தேநீரை நின்றபடியே அருந்திக்கொண்டு தம் கதையைச் சொன்னார். காலை எட்டரை மணிக்குக் கணினிமுன் அமர்ந்தால் நண்பகல் உணவுக்குத்தான் எழுவார். மீண்டும் அமர்ந்தால் மாலை ஆறு. இப்படிப் பத்தாண்டுகள். கீழ்முதுகில் வலி கண்டு மருத்துவமனைக்குச் சென்றபொழுது, இயன்முறை மருத்துவர் அவரைச் சாய்மானமில்லாத முக்காலியில் அமர்த்தி, மிகவும் வளையாமலும் மிகவும் நிமிராமலும் ஒரு நடுநிலையில் அவர் முதுகை நிறுத்தி, "இந்த நிலையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்" என்றாராம். பிறகு கண்களை மூடச் செய்து, முதுகைத் தளர்த்திக் குனியச் சொல்லி, பழைய நிலைக்கு மீளுமாறு பணித்தாராம். "மீண்டுவிட்டேன் என்று அடித்துச் சொன்னேன் ஐயா. கண்ணைத் திறந்து பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தால் பாதிக் கூனோடு இருக்கிறேன். மும்முறை செய்யச் சொன்னார், மும்முறையும் அப்படியே."

பிறகு சிரித்துக்கொண்டே மற்றொன்றும் சொன்னார். "ஆறாம் ஆண்டில் நாள்தோறும் 'நிமிர்ந்து உட்கார்' என்று நீங்கள் சொல்வீர்களே ஐயா! அன்று முதல் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன்."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க இயலவில்லை. 2002ஆம் ஆண்டு அவருடைய வகுப்பாசிரியன் நான். அக்கட்டளையை நாளொன்றுக்கு எத்தனை முறை இட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. அவர் சென்ற பின் இதைப்பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததன் விளைவே இக்கட்டுரை. இதனைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் சிலர் என்மீது சினங்கொள்ளக்கூடும். கொள்ளட்டும். முப்பதாண்டுக் காலம் நானும் அவர்கள் பக்கமே நின்றவன்.

என் வழக்கு இதுதான். பிள்ளையை மணிக்கணக்கில் அசையாது உட்காரவைத்துவிட்டு, அதன்பின் 'நிமிர்ந்து உட்கார்' என்று அதட்டுவது அறியாமை. நிமிர்வதற்கு எந்த உணர்வு வேண்டுமோ அந்த உணர்வையே அசையாமை மழுங்கச் செய்கிறது. மழுங்கச் செய்தவர் நாம்; குற்றவாளி பிள்ளையா?

அஃது எவ்வுணர்வு? கண்களை மூடிக்கொண்டு, கையைப் பக்கவாட்டில் நீட்டி, பின்னர் மடக்கிச் சுட்டுவிரலால் மூக்கின் நுனியைத் தொடுங்கள். தொட்டுவிட்டீர்கள் அல்லவா? கண் பார்க்கவில்லை, செவி கேட்கவில்லை, ஆயினும் கை எங்குள்ளது, மூக்கு எங்குள்ளது என்று ஏதோ ஒன்று மூளைக்கு இடையறாது செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. தசைகளுக்குள் கதிர்வடிவில் பொதிந்துள்ள நுண்ணுறுப்புகள் தசையின் நீட்சியை அறிவிக்கின்றன. தசைநாண்களில் உள்ளவை இழுவிசையை அறிவிக்கின்றன. மூட்டுகளிலும் தோலிலும் உள்ளவை தம் பங்கிற்குத் துணைசெய்கின்றன. ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் செரிங்டன் 1906ஆம் ஆண்டு இவ்வுணர்வுக்குப் புரோப்ரியோசெப்ஷன் எனப் பெயரிட்டார். உறுப்பு இருக்கும் நிலையை உணர்த்துவதால் நிலையுணர்வு என்றே இக்கட்டுரையில் வழங்குகின்றேன். அவருக்கு 1932இல் நோபெல் பரிசு கிடைத்தது. இவ்வுணர்வுக்கும் தொடுவுணர்வுக்கும் வாயிலாக விளங்கும் பீசோ என்னும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியானுக்கு 2021இல் அதே பரிசு கிடைத்தது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தபொழுது உடம்பால் உற்றறியும் அறிவையே முதற்கண் வைத்தது. நிலையுணர்வு அதுவே என்று நான் சொல்ல வரவில்லை. முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று மார்தட்டும் கூட்டத்தில் எனக்கு இடம் வேண்டா. மெய்யறிவைக் கடைநிலைக்குத் தள்ளிக் கண்ணையும் செவியையும் மட்டுமே வகுப்பறைக்குள் அனுமதித்தவர் நாம்தாம் என்பதை நினைவூட்டவே இதைக் குறிப்பிட்டேன்.

இவ்வுணர்வு அற்றுப்போனால் என்னாகும்? 1970களின் தொடக்கத்தில் பத்தொன்பது வயது ஆங்கிலேய இளைஞர் ஒருவர் நோய்வாய்ப்பட்டு, கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும் நிலையுணர்வையும் இழந்தார். தசைகளுக்கு வலிமை இருந்தது; ஆயினும் எழ முடியவில்லை. பல மாதங்கள் முயன்று, ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்த்துப் பார்த்து இயக்கக் கற்றார். விளக்கு அணைந்துவிட்டால் நின்ற இடத்திலேயே சரிவார். நம் மாணவர்க்கு நேர்வது இதனோடு ஒப்பிடத்தக்கதன்று. எனினும் நாம் எதன்மீது நின்றுகொண்டு நிமிர்கிறோம் என்பதை இந்த ஒரு வரலாறு காட்டிவிடுகிறது.

இனிக் கீழ்முதுகுக்கு வருவோம். நெடுநேரம் அமர்ந்திருப்பவர், எவ்வளவு கட்டுப்பாடுடையவராயினும், சிறிது சிறிதாகக் கூனுகின்றார். கூனும்பொழுது முதுகெலும்புக்குப் பின்னுள்ள பிணைநார்கள் இழுபட்ட நிலையிலேயே நிற்கின்றன. ஈரத் துணிகளைச் சுமந்து நாள் முழுதும் வெயிலில் நின்ற நைலான் கயிறு மாலையில் தொய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்; துணிகளை எடுத்துவிட்டாலும் கயிறு உடனே பழைய இறுக்கத்தை அடைவதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1992இல் வெளியிடப்பெற்ற ஓர் ஆய்வில், இருபது நிமிடம் முற்றிலும் குனிந்து அமர்ந்தவர்களின் முதுகு அவ்வாறே தொய்ந்தது. மீண்டும் நிமிர்ந்த முதல் இரண்டு நிமிடத்தில் ஏறத்தாழப் பாதி மீண்டது. எஞ்சிய தளர்ச்சி நெடுநேரம் நின்றது. தொய்ந்த கயிற்றின்மீது கட்டிய மணி சரியாக ஒலிக்குமா? தளர்ந்த நார்களிலிருந்தும் நெடுநேரம் நீண்டு கிடந்த தசைகளிலிருந்தும் வரும் செய்தி பிசகுகிறது. மூளை அதனை நம்பி, 'நிமிர்ந்தாயிற்று' என்று தீர்மானித்துவிடுகிறது.

இதை நேரடியாக அளந்தவர்களும் உளர். இங்கிலாந்தில் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உடல்நலம் உள்ளவர்களைச் சில நொடிகள் மட்டும் கூனி அமரச் செய்து முன்னிலைக்கு மீளச் சொன்னார்கள். பிறகு ஐந்து நிமிடம் கூனி அமரச் செய்து மீளச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பின் பிழை மிகுந்தது. ஐந்தே நிமிடம்! நம் பாடவேளை ஒன்று முப்பது நிமிடம்; இரண்டைச் சேர்த்து நடத்துவதே பல பள்ளிகளில் வழக்கம்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கீழ்முதுகில் வலியுடையோர் பலரிடம், குறிப்பாக உட்கார்ந்த நிலையில் அளக்கும்பொழுது, நிலையுணர்வு மங்கியிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன, எல்லாரிடத்தும் அன்று. உணர்வு மங்கியதால் வலி வந்ததா, வலி வந்ததால் உணர்வு மங்கியதா என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. ஆகவே என் மாணவரின் வலிக்கு நாற்காலியே காரணம் என்று நான் தீர்ப்பெழுதவில்லை. ஆனால் கூனுகிறவர் தாம் கூனுவதை அறியாமற் போகிறார் என்ற அளவில் ஐயமில்லை. ஆசிரியர்க்கு அவ்வளவு போதும்.

'அப்படியானால் கூனவிடாமல் விறைப்பாக உட்காரவைப்போம்' என்பார் எழுவர். அவர்களுக்காகவே ஒரு செய்தியை எடுத்துவைக்கிறேன். சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் முள்ளெலும்புகளுக்கிடையேயுள்ள வட்டில் ஊசி செலுத்தி உள்ளழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்பொழுது அழுத்தம் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு மிகுதி என்றார். உட்காருவது கேடு, அதிலும் கூனி உட்காருவது பெருங்கேடு என்று உலகெங்கும் அதன்பின் பரப்பப்பட்டது. 1999இல் செருமனியின் உல்ம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்கே குழுவினர் புதிய கருவிகொண்டு ஒரு தன்னார்வலரின் வட்டில் அளந்தனர். நிற்கையில் 0.50 மெகாபாஸ்கல், சாய்மானமின்றித் தளர்ந்து உட்கார்கையில் 0.46, முதுகை முயன்று நிமிர்த்தி உட்கார்கையில் 0.55. ஒருவரிடம் மட்டுமே அளந்ததைக் கொண்டு முடிவுகட்டுதல் முறையன்று. ஆயினும் விறைத்து நிமிர்வதே முதுகுக்கு ஓய்வு என்ற நம்பிக்கை எவ்வளவு மெலிந்த கால்களின்மேல் நிற்கிறது என்பது புலனாகிறதன்றோ? 'நிமிர்ந்து உட்கார்' என்னும் அறிவுரையை மறுபடி எடைபோட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று 2019இல் இயன்முறை அறிஞர்கள் சிலர் தம் கட்டுரைக்குத் தலைப்பே இட்டுவிட்டனர். எல்லார்க்கும் பொருந்தும் ஒரே சிறந்த இருப்புநிலை என்று ஒன்று இல்லை என்பதும், நிலையை அடிக்கடி மாற்றுவதே நன்று என்பதும் அவர்தம் கருத்தின் சாரம்.

தமிழாசிரியர்கள் இதை அயல்நாட்டு ஆய்வுகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது வெட்கத்திற்குரியது. நம் மொழியைப் பாருங்கள். இரு, அமர், உட்கார், குந்து, சம்மணமிடு, குத்துக்காலிடு, மண்டியிடு, கால்நீட்டியிரு, ஒருக்களி, சாய் என்று இருப்பதற்கு எத்தனை சொற்கள்! மனிதர்கள் அத்தனை வகையாய் இருந்ததாலேயே சொற்கள் பிறந்தன. திண்ணைப் பள்ளிப் பிள்ளை மணலில் குனிந்து எழுதியது. எழுந்து சட்டாம்பிள்ளையிடம் ஒப்பித்தது. மீண்டும் வந்து வேறுவிதமாய் அமர்ந்தது. அக்காலப் பள்ளியின் பிரம்படியை நான் போற்றவில்லை. ஆனால் இச்சொற்களில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை ஒழுங்கீனம் என்று பெயரிட்டு வெளியேற்றியது நம் காலத்துப் பள்ளி. குந்தினால் நாகரிகமின்மை, காலை மடித்தால் அடங்காமை, சாய்ந்தால் சோம்பல்.

அதனினும் கொடியது மற்றொன்று. அசைவையே நாம் தண்டனையாக்கினோம். வீட்டுப்பாடம் செய்யாதவனுக்குத் தோப்புக்கரணம். பேசியவன் எழுந்து நிற்க வேண்டும். தாமதமாய் வந்தவன் திடலைச் சுற்றி ஓட வேண்டும். நன்றாய்ப் படிக்கும் பிள்ளைக்கோ பரிசாக முதல் வரிசை நாற்காலி, உட்கார்ந்திருக்கும் உரிமை. ஆறாண்டு இவ்வாறு பழகிய பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? உடலை அசைத்தல் இழிந்தோர்க்குரியது, அமர்ந்திருத்தலே மேன்மை என்பதைத்தானே? பாடநூலில் இல்லாத இப்பாடத்தில் நம் மாணவர் அனைவரும் நூற்றுக்கு நூறு.

இம்மனப்பான்மைக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. பால்மரத் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, கத்தியும் வாளியுமாய் மரத்துக்கு மரம் நடந்து, வெட்டுப்பட்டை தாழ்ந்த மரங்களில் குனிந்து குனிந்து சீவியவர்கள் நம் பெற்றோர். தோட்டத்தில் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிந்தவர் கிராணியார் ஒருவரே. 'என் முதுகு குனிந்தது போதும். என் பிள்ளையாவது நாற்காலியில் உட்காரட்டும்' என்பதே தோட்டத்துத் தாயின் வேண்டுதலாக இருந்தது. அவ்வேண்டுதலால்தான் நான் ஆசிரியனானேன். உழைப்பாளியின் முதுகு வலியறியாதது என்பாரும் உளர். அவர்கள் ஒரு நாளும் பால்வாளி தூக்கியறியாதவர்கள். எங்கள் இல்லத்தில் தைல வாடை இல்லாத இரவு அரிது. அம்முதுகு மிகையான குனிதலால் நொந்தது. என் மாணவரின் முதுகு அசையாமையால் நொந்தது. ஒரு துன்பத்திலிருந்து தப்பியோடி அதன் எதிர்முனைத் துன்பத்தில் போய் அமர்ந்துவிட்டோம்.

எழுத்துப்பணியும் நோய்தரும் என்பது புதிய செய்தியுமன்று. தொழில்வழி வரும் நோய்களை ஆராய்ந்த இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1713இல் எழுத்தர்களைப்பற்றியும் எழுதினார். இடைவிடாத அமர்வு, ஓயாது ஒரே அசைவைச் செய்யும் கை, பிழை நேராதிருக்க வேண்டுமென்னும் மன அழுத்தம் என அவர் கண்ட காரணங்கள் இன்றைய அலுவலகத்துக்கு அப்படியே பொருந்தும். முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் நாம் பெற்ற முன்னேற்றம், இறகுப் பேனா போய்க் கணினி வந்ததேயாகும். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் மக்கள் கீழ்முதுகு வலியுடன் வாழ்ந்தனர் என்று உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. இத்தொகையினர் அனைவரும் மேசைப் பணியாளர் அல்லர். ஆனால் நாம் ஆண்டுதோறும் பள்ளியிலிருந்து அனுப்பிவைக்கும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் மேசையை நோக்கித்தான் செல்கின்றனர்.

இப்பொழுது என் குற்றத்தைச் சொல்கிறேன். 2002ஆம் ஆண்டு ஆறாம் ஆண்டு வகுப்பின் கால அட்டவணையில் உடற்கல்விக்குரிய வேளைகள் முறைப்படி இருந்தன. மார்ச் மாதத்திற்குப் பின் அவ்வேளைகளில் நான் மாணவர்களைத் திடலுக்கு அழைத்துச் செல்லவே இல்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்கான கணிதப் பயிற்சித் தாள்களை அவ்வேளைகளில் கொடுத்தேன். பதிவேட்டில் 'உடற்கல்வி: பந்தை உருட்டி எடுத்தல்' என்று அழகிய கையெழுத்தில் எழுதினேன். மாலையில் கூடுதல் வகுப்பு, சனிக்கிழமையும் வகுப்பு. பெற்றோர் எனக்கு நன்றி கூறினர். ஆண்டிறுதியில் மேடையில் பொன்னாடை போர்த்தினர். என்னைத் தடுப்பார் ஒருவரும் இல்லை; அக்காலத்தில் என்னைப்போல் செய்யாத ஆசிரியரைத்தான் 'ஈடுபாடற்றவர்' என்றனர்.

அவ்வகுப்பில் ஒருவன் ஓயாது நாற்காலியை ஆட்டிக்கொண்டிருப்பான். முன்னிரு கால்கள் தரையிலிருந்து எழும்ப, பின்னிரு கால்களில் ஊசலாடுவான். அவனை எத்தனையோ முறை பின்சுவரோடு நிற்க வைத்திருக்கிறேன். இன்று எண்ணிப் பார்க்கும்பொழுது, அந்த அறையில் தன் முதுகு எங்கிருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருந்தவன் அவன் ஒருவனே என்று தோன்றுகிறது. இடுப்பில் பட்டையோடு வந்தவர் அவரல்லர். இவர் முதல் வரிசையில் கைகட்டி அசையாது அமர்ந்திருந்த பிள்ளை. மற்றவர்க்கு நான் எடுத்துக்காட்டாய்ச் சுட்டிய பிள்ளை.

யூ.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது. உடற்கல்வி வேளைகள் முழுதும் மீண்டுவிட்டனவா? உங்கள் பள்ளியைப்பற்றி நீங்களே சொல்லுங்கள். மழையென்றால் இல்லை, வெயிலென்றால் இல்லை, திடலில் விழாவுக்குப் பந்தல் போட்டால் இல்லை, பயிற்சி நூல் முடியவில்லையென்றால் நிச்சயம் இல்லை. ஐந்து முதல் பதினேழு வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்குச் சராசரி அறுபது நிமிடமேனும் நன்கு மூச்சுவாங்க உடலை இயக்க வேண்டும் என்றும், அமர்ந்தே கழிக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. பள்ளியில் உட்கார்ந்து, வாகனத்தில் உட்கார்ந்து, துணைவகுப்பில் உட்கார்ந்து, இரவில் கைப்பேசியுடன் உட்காரும் பிள்ளைக்கு அந்த அறுபது நிமிடத்தை எங்கிருந்து கொடுக்கப்போகிறோம்?

நல்ல நாற்காலி வாங்கினால் தீருமென்று சொல்லும் அன்பர்கள் உளர். முதுகுக்கேற்ற நாற்காலி என்னும் பெயரில் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேலும் விற்கின்றார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளையின் கால் தரையைத் தொடாத நாற்காலியை மாற்றவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, உடனே மாற்றுக. ஆனால் எவ்வளவு விலையுயர்ந்த நாற்காலியும் அதிலிருந்து எழுந்திருக்கும் வேலையை நமக்காகச் செய்துவிடாது. சொல்லப்போனால் மெத்தென்ற நாற்காலியில் அமர்ந்தவர் எழும் எண்ணமே இன்றி இருந்துவிடுகிறார். நான் வட்டாரக் கூட்டங்களில் கண்ட காட்சி அது. யோகம் கற்பித்தால் போதுமே என்பாரும் உளர். கற்பியுங்கள். வாரத்திற்கு அரைமணி நேரம் யோகம் செய்துவிட்டு எஞ்சிய இருபத்தைந்து மணி நேரம் சிலையாய் அமர்ந்திருப்பதற்கு யோகத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

ஆனால் மெய்யாகவே செவிசாய்க்கத்தக்க எதிர்ப்பு ஒன்று உண்டு. பயிற்சி ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். நினைத்தபொழுதெல்லாம் எழலாம் என்றால் நான் எப்படிப் பாடம் நடத்துவேன்? சத்தம் கேட்டால் நீங்களே அல்லவா வாசலில் வந்து நிற்பீர்கள்?" கடைசிக் கேள்வி என்னைத் தைத்தது. ஆம், நான்தான் வந்து நின்றிருக்கிறேன். அமைதியான வகுப்பே சிறந்த வகுப்பு என்று மதிப்பெண் இட்டவன் நான்; இளம் ஆசிரியர்கள் பிள்ளைகளை அடக்கிவைத்தது பிள்ளைகளுக்காக அன்று, தாழ்வாரத்தில் நடக்கும் என் செருப்போசைக்காக.

அவரோடு அமர்ந்து (இச்சொல்லைத் தவிர்க்க முடியவில்லை) ஒரு பாடவேளையை எடுத்துப் பார்த்தோம். பிள்ளைகளை ஆட்டுவிப்பதற்கென்று தனியே நேரம் ஒதுக்க வேண்டிய தேவையே இல்லை என்பது விளங்கிற்று. பயிற்சி நூலை ஒருவர் வாங்கி வந்து கொடுப்பதற்கு மாறாக ஒவ்வொருவரும் தாமே வந்து எடுக்கலாம். செய்யுளை நின்று ஒப்பிக்கலாம். பாதி வகுப்பு நிற்க, பாதி வகுப்பு அமர, அடிமாற்றி அடி சொல்லலாம். சொல்வதெழுதுதலைத் தரையில் குந்தி எழுதலாம். வாய்பாட்டை நடந்தபடி சொல்லலாம். விடையைக் கரும்பலகைக்கு வந்து எழுதலாம். கரும்பலகை நான்கு பேருக்கு இடங்கொடுக்கும். கதைப்பாடத்தில் உரையாடல் வந்தால் இருவர் எழுந்து நடிக்கலாம். இவற்றுள் எதுவும் எனக்குப் புதிதன்று. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இவையனைத்தையும் கற்பித்தார்கள். பயிற்றுப்பணியின்பொழுது விரிவுரையாளர் வந்து பார்த்த நாள்களில் மட்டும் செய்துகாட்டிவிட்டு மறந்துபோனோம்.

இடையே ஒரு சிறு விளையாட்டையும் சேர்த்தோம். கண்ணை மூடி, முதுகை வளைத்து, மீண்டும் முன்போல் வா. பக்கத்துத் தோழன் சரிதானா என்று சொல்லட்டும். இஃது ஆய்வன்று, வெறும் விளையாட்டு. முதல் நாள் வகுப்பே சிரிப்பில் ஆழ்ந்தது. ஆனால் 'நிமிர்ந்து உட்கார்' என்னும் அதட்டல் ஒரு முறையும் தராத ஒன்றை அவ்விளையாட்டுத் தந்தது: தன் முதுகு எங்கேயிருக்கிறது என்ற வினாவைப் பிள்ளை தானே கேட்டுக்கொண்டது.

ஆசிரியர்களே, நம் நிலையையும் பாருங்கள். முன்னெல்லாம் ஆசிரியர்க்குக் கால்வலி வரும். கணுக்காலில் நரம்பு சுருண்டுகொள்ளும். இன்றோ மதிப்பீட்டுத் தரவுகளையும் வருகைப் பதிவுகளையும் கணினியில் ஏற்றியேற்றி நாமும் மேசைப் பணியாளராகிவிட்டோம். தலைமையாசிரியரைச் சொல்லவே வேண்டா. நான் ஒரு நாள் எண்ணிப் பார்த்ததில், காலைச் சபைகூடல் முடிந்து அறைக்குள் சென்றவன் ஓய்வு மணிக்கு முன் இருமுறையே எழுந்திருந்தேன். ஒருமுறை அச்சுப்பொறியில் தாள் சிக்கியதற்காக. தன் முதுகின் நிலையறியாத ஒருவன், அதே நிலையிலுள்ள முப்பத்தெட்டுப் பேரைப் பார்த்து நிமிரச் சொல்வதை நாம் ஒழுங்கு என்று அழைக்கிறோம்.

நம் ஆசிரியர் கூட்டங்களோ மூன்று மணி நேரம் நீளும். உடலியக்கத்தின் இன்றியமையாமை குறித்த சுற்றறிக்கையை முழுதும் உட்கார்ந்தே படித்து முடித்த கூட்டம் ஒன்றுக்கு நானே தலைமை தாங்கியிருக்கிறேன்.

சென்ற மாதக் கூட்டத்தைத் திடலோர மரத்தடியில் நின்றும் நடந்தும் நடத்துவோம் என்று அறிவித்தேன். மூத்த ஆசிரியர் ஒருவர், "தலைமையாசிரியருக்கு ஓய்வுபெறும் வயது நெருங்குகிறது" என்று என் காதில் விழும்படியே சொன்னார். மூன்று மணி நேரக் கூட்டம் ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. எவரும் எதையும் இருமுறை பேசவில்லை. ஐந்தாம் ஆண்டு ஆசிரியை மட்டும் தமக்கு முழங்கால் வலி, நாற்காலி வேண்டும் என்றார். கொண்டுவந்து கொடுத்தோம். சற்று நேரத்தில் அவரும் எழுந்துவிட்டார். அந்த நாற்காலியில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டோம்.